பால் முதலில், கத்தி அப்புறம்

வாசகர் கேள்வி: குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரில் இருந்து எழுதுகிறேன். என் அக்காவுக்கு 40 நாளுக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. இடது பக்கம் உதடு மூக்கு வரை பிளந்திருக்கிறது, உள்ளே அண்ணமும் பிளவு. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 2.9. பால் குடித்தால் மூக்கு வழியே வருகிறது. ஆசுபத்திரியில் ‘எடை கூடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் அடுத்த வாரம் இலவச ஆபரேஷன் முகாம் நடக்கிறதாம். கொண்டுபோனால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். அத்தான் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். கிரகணத்தன்று மீன் நறுக்கியதுதான் காரணம் என்று வீட்டில் அக்காவைப் பேசியே கொல்கிறார்கள். இன்னொன்று: எங்கள் அன்பிய (பங்கு ஆலயத்தின் சிறு குழு) இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டி ஊரிலேயே இப்படி ஒரு முகாம் நடத்த யோசிக்கிறோம். செய்யலாமா?

அன்புத் தம்பி,

அடுத்த வார முகாமுக்குக் குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் இதைப் படிக்கிற அன்றே ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உதட்டைக் காட்டுவதற்கு இல்லை, எடையைக் காட்டுவதற்கு.

உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது பிளவைப் பற்றிய வரி அல்ல, 2.8, 2.9 என்ற அந்த இரண்டு எண்கள்தான். பிறந்த குழந்தை முதல் சில நாள் கொஞ்சம் இளைக்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மருமகள் இப்போது 3.3 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். ஏறக்குறைய அரைக் கிலோ குறைகிறது. பெரும்பாலும் இது பட்டினிதான். குழந்தை நாள் முழுக்கக் குடிப்பது போலத் தெரியும், வயிற்றுக்குப் போவது கொஞ்சம். ‘எடை கூடட்டும்’ என்று அந்த ஆசுபத்திரியில் சொன்னது சரியான வார்த்தை. எப்படிக் கூட்டுவது என்று காட்டிக் கொடுக்காமல் அனுப்பியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே என்ன விட்டுப்போனது என்பது கடைசியில் என் அறைக்குத்தான் வந்து சேரும். அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, பால். குழந்தை உறிஞ்ச வேண்டும் என்றால் வாய்க்குள் ஓர் இழுப்பு உண்டாக வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள கூரைதான் அண்ணம். அது திறந்து கிடந்தால் இழுப்பு வராது, ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி. உதடு மட்டும் பிளந்த குழந்தைகள் பெரும்பாலும் மார்பிலேயே சமாளித்துக்கொள்ளும். அண்ணமும் பிளந்தால் கஷ்டம். முக்கால் மணி நேரம் மார்பில் கிடக்கும், வாய் அசையும், அம்மா குடிக்கிறது என்று நினைப்பாள். குடித்த கொஞ்சத்தையும் அந்தப் பாடே செலவழித்துவிடும்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. கையால் பீய்ச்சியோ பம்ப் வைத்தோ எடுத்து, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுக்கச் சொல்கிறேன். சங்கு, சங்கடை என்று உங்கள் வீட்டில் எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, எவர்சில்வரில், ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். அக்காவைச் சுவரில் முதுகு சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தக் கூடாது. பிடரியை உள்ளங்கையில் தாங்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரி பிடிக்க வேண்டும். பாலாடையின் மூக்கைப் பிளவில்லாத பக்கம், அதாவது இந்தக் குழந்தைக்கு வலது கன்னத்தின் உள்பக்கம், வைத்துக் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். இந்தக் குழந்தைகள் பாலோடு நிறையக் காற்றையும் விழுங்கும் என்பதால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்ட வேண்டும். மூக்கில் பால் வந்தால் பதறாதீர்கள். துடைத்துவிட்டு, மூச்சு சீரானதும் தொடரலாம். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குழந்தை களைத்துவிடும்.

எவ்வளவு? கிலோவுக்கு 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. 2.9 கிலோவுக்கு நாளுக்கு 430 மில்லிக்குக் கொஞ்சம் மேலே, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லி. ராத்திரியும் சேர்த்துத்தான் எட்டு. எடை குறைந்த குழந்தை என்பதால் மருத்துவர் இதைக் கூட்டச் சொல்லலாம். பீய்ச்சிய பால் போதவில்லை என்றால் அவர் எழுதிக்கொடுக்கிற பால் மாவு. சர்க்கரைத் தண்ணீர், தேன், பசும்பால் எதுவும் வேண்டாம், வீட்டுப் பெரியம்மா என்ன சொன்னாலும் சரி. அதே நாளில் குழந்தையின் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணப் பிளவோடு வேறு குறைகளும் சில குழந்தைகளுக்குச் சேர்ந்து வரும், எடை ஏறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனாலோ, பாலுக்கு எழுப்பியும் எழும்பாமல் கிடந்தாலோ, மூச்சில் நெஞ்சு குழி விழுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, நேரம் பார்க்காமல் 108 கூப்பிடுங்கள்.

வாரம் ஒரு நாள், அதே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். அங்கன்வாடித் தராசு போதும். வாரத்துக்கு 150 கிராமாவது ஏற வேண்டும்.

இப்போது முகாம். உதட்டு ஆபரேஷனுக்கு ஒரு பழைய பத்துக் கணக்கு உண்டு: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10. பத்துப் பவுண்டு என்பது நான்கரைக் கிலோ. கணக்கு எதற்காக என்றால், மயக்க மருந்தைக் குழந்தை தாங்க வேண்டும், போட்ட தையல் பிரியாமல் ஆற வேண்டும். இன்று பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் உதட்டைச் சரிசெய்கிறார்கள். 2.9 கிலோக் குழந்தையை எந்த நல்ல முகாமும் திருப்பித்தான் அனுப்பும். அனுப்பாமல் ஏற்றுக்கொண்டால்தான் பயப்பட வேண்டும்.

‘ஒரே நாளில் எல்லாம்’ என்பதை மறந்துவிடுங்கள். உதடு முடிந்த பிறகு, ஒன்பது மாதத்தில் இருந்து ஒன்றரை வயதுக்குள் அண்ணம். ஈறில் பிளவு இருந்தால் எட்டில் இருந்து பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே வைப்பார்கள். தாடை ஆபரேஷன் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது வளர்ச்சி நின்ற பிறகு. இதில் எல்லோரும் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். உதடு வெளியே தெரிகிறது, அண்ணம் தெரிவதில்லை.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்துப் பையன் ஒருவன் ஒன்பது வயதில் என்னிடம் வந்தான். உதட்டுத் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு நேர்த்தி. கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ ஒரு முகாமில் செய்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். அண்ணம் பின்னால் இருந்து முன்னால் வரை அப்படியே திறந்து கிடந்தது. “ஆபரேஷன் முடிஞ்சாச்சுன்னுதான் சொன்னாங்க” என்றார் அவன் அம்மை. கொடுத்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் அடுத்த தேதி இல்லை, ஒரு போன் நம்பர்கூட இல்லை. பையனை ‘அப்பா’ சொல்லச் சொன்னேன். ‘அம்மா’ என்றான். திரும்பச் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக ‘அம்மா’ என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஏன் அப்படி வருகிறது என்பது நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று இன எழுத்து படித்திருப்பீர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் வாய் அடைபடுகிற இடம் ஒன்றேதான். மூக்கு வழி மூடியிருந்தால் வல்லினம், திறந்திருந்தால் மெல்லினம். அந்த வழியை மூடுகிற கதவு, அண்ணத்தின் பின்பக்கம் மெத்தென்று இருக்கிற சதை. கதவு இல்லாத வாயில் வல்லினம் முழுக்க மெல்லினத்தின் பக்கம் சாய்ந்துவிடும். பிளவில் அந்தத் தசைகள் நடுவில் கைகோக்காமல், முன்னால் எலும்பு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் அவற்றைப் பிரித்து, திருப்பி, நடுவில் சேர்க்க வேண்டும். ஓட்டை அடைக்கிற வேலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை வயதுக்குள் என்று அவசரப்படுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. கதவு இல்லாமலேயே பேசப் பழகிய பிள்ளை, வாயில் எழுப்ப முடியாத ஒலியைத் தொண்டையில் வெட்டி எழுப்பக் கற்றுக்கொள்ளும். பிறகு கதவு போட்டாலும் அந்தப் பழக்கம் லேசில் போகாது.

அந்தப் பையனுக்கு ஆபரேஷன் நடந்தது. பேச்சும் பெருமளவு தெளிந்தது. ஆனால் ஒன்றரை வயதில் செய்திருந்தால் சில மாதத்தில் முடிந்திருக்கக் கூடிய பயிற்சிக்கு நாலு வருடம் பஸ் ஏறினார்கள். அவன் அம்மை வெட்டுக் கூலியை விட்டுவிட்டு வருவார்.

அண்ணம் சரிசெய்த பிறகு வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சின்ன முகக் கண்ணாடியைக் குழந்தையின் மூக்குக்கு அடியில் பிடித்து, பாப்பா, தாத்தா, காக்கா என்று சொல்ல வையுங்கள். மூன்றிலும் மெல்லினமே கிடையாது, நம் பிள்ளைகள் முதலில் பேசுகிற சொற்களே எனக்கு இப்படி வசதியாக அமைந்துவிட்டன. சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது என்று அர்த்தம். எல்லாம் முறையாகச் செய்தும் சில பிள்ளைகளுக்குக் கசிவு இருக்கும், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அதில் யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் தாய்மாமனான நீங்கள் ஒன்றில் ஏமாந்துவிடக் கூடாது. ‘மாமா’ என்று உங்களைக் கூப்பிடுவது முதலிலேயே மணி மணியாக வரும். ம எழுத்துக்குக் கதவு தேவையில்லை. நீங்கள் காது கொடுக்க வேண்டியது அவள் அப்பாவைக் கூப்பிடுகிறபோது.

காது என்றதும் நினைவுக்கு வருகிறது. தொண்டையில் இருந்து நடுக்காதுக்குப் போகிற குழாயைத் திறந்துவிடுவதும் இதே அண்ணத் தசைகள்தான். அவை சரியாக வேலை செய்யாததால் அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே காதுக்குள் நீர் கட்டும். வலி இருக்காது, சீழ் வராது, மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். ‘கூப்பிட்டா திரும்பிப் பார்க்குதே’ என்று விட்டுவிடாமல், முதல் ஆறு மாதத்துக்குள் கேட்கும் திறன் பரிசோதனையும் பிறகு அவ்வப்போது மறுபரிசோதனையும் செய்ய வேண்டும்.

அக்கா விஷயம். மேலுதடு கூடிச் சேர்வது கருவின் ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் அதற்கு அடுத்த சில வாரங்களில். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பல பெண்கள் நிச்சயம் செய்துகொள்வதற்குள் உதட்டின் கதை முடிந்துவிடும். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் நம் மாவட்டத்துக்கு நேர் மேலேயே கடந்தது, கன்னியாகுமரிக்கு வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அன்றைக்கு இங்கே கருவுற்றிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள், மீன் நறுக்காத வீடும் இருந்திருக்காது. கிரகணம்தான் காரணம் என்றால் அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த பிள்ளைகளில் வகுப்புக்கு நாலு பேர் இப்படி இருந்திருக்க வேண்டும். இருந்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். உலகம் முழுக்கச் சுமார் 700 பிறப்புக்கு ஒரு குழந்தை உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது, கிரகணம் தெரிகிற நாட்டிலும் தெரியாத நாட்டிலும். பல மரபணுக்கள் சேர்ந்து வருவது ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், போலிக் அமிலக் குறைவு, புகை, மது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய், வலிப்புக்குத் தருகிற சில மாத்திரைகள் என்று மற்றவை. பல குழந்தைகளுக்கு இதில் எதையும் சுட்டிக்காட்டவே முடியாது. அடுத்த குழந்தைக்கும் வருமா என்று அத்தான் கண்டிப்பாகக் கேட்பார். பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் முதல் குழந்தைக்கு மட்டும் இருந்தால், நூற்றில் மூன்று முதல் ஐந்து வரை என்பது பொதுக் கணக்கு. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும், அளவை மருத்துவர் சொல்லட்டும்.

‘ஸ்கேனில் ஏன் தெரியவில்லை’ என்ற சண்டையும் உங்கள் வீட்டில் நடந்திருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனில் உதடு பல நேரம் தெரியும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தால் தெரியாது. அண்ணம் தெரிவது கடினம். அதை விடுங்கள்.

எங்கே போவது? ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறவிக் குறைகளில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அதன் பட்டியலிலேயே இருக்கின்றன. உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் குழந்தையின் பெயரை அதில் பதியச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகள் உள்ளூர் மருத்துவமனைகளோடு சேர்ந்து இலவசமாகச் செய்கின்றன, பக்கத்தில் எது என்று அவர்களிடமே விசாரிக்கலாம். மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ளவர்கள் திருவனந்தபுரத்துக்குப் போவது வழக்கம். போகலாம், ஆனால் அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் ஒரே இடத்தில் நில்லுங்கள். முதல் நாளே ‘அண்ணம் யார் செய்வார்கள், எப்போது? காது யார் பார்ப்பார்கள்? சந்தேகம் வந்தால் எந்த நம்பர்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடமாக இருந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த இடம் பாருங்கள்.

அன்பிய இளைஞர்களின் முகாம் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். மனம் நோகாமல் சொல்லத் தெரியவில்லை. முகாம் என்றால் பிளெக்ஸ் அடிக்க வசதி, மேடை போட வசதி. 700-க்கு ஒன்று என்று மேலே சொன்னேன். உங்கள் ஊரில் வருடத்துக்கு 70 குழந்தை பிறந்தால் பத்து வருடத்துக்கு ஒரு பிளவுக் குழந்தை. முகாமுக்கு ஆள் எங்கே பிடிப்பீர்கள்? டாக்டரே இல்லாத நாடுகளுக்கு வெளியில் இருந்து குழு போய்ச் செய்துவிட்டு வந்ததில் நியாயம் இருந்தது. ஆபரேஷன் ஸ்மைல் என்ற தொண்டு அமைப்பு 1982-இல் பிலிப்பைன்சில் அப்படித்தான் தொடங்கியது. 1999-இல் வந்த ஸ்மைல் டிரெயின் அதைத் திருப்பிப் போட்டது: விமானத்தில் டாக்டரை அனுப்புகிற காசில் உள்ளூர் டாக்டருக்குப் பயிற்சியும் செலவும் கொடு, அவர் வருடம் முழுக்க அங்கேயே இருப்பார் என்று. நம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குறைவது அடுத்த தேதியை ஞாபகம் வைத்திருக்கிற ஆள்.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். குளச்சலில் இருந்து நீரோடி வரைக்கும் உள்ள ஆலயப் பங்குகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிளவோடு பிறந்த குழந்தை, அம்மாவின் போன் நம்பர், உதடு எப்போது, அண்ணம் எப்போது, காது பார்த்தாயிற்றா. நோட்டில் இத்தனை பத்திகள் போதும். வீட்டின் அனுமதியோடு எழுதுங்கள், ஆலய அறிவிப்பில் பெயர் வாசிக்காதீர்கள். திரட்டின பணத்தைப் போக்குவரத்துக்கும் அன்றைய கூலிக்கும் வையுங்கள். மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன், ஜூலை. அப்போது அப்பாமார் கரையில் இருப்பார்கள், கையில்தான் காசு இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் பஸ் காசு கொடுத்தால் விட்டுப்போன பாதிப் பேர் வந்துவிடுவார்கள். ஒரு பம்பும் நாலைந்து பாலாடையும் பங்கில் இருக்கட்டும். பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்க்கச் சொல்லி உங்கள் செவிலியரிடம் பேசுங்கள். உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போவது உண்டு. திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் ஊர்ப் பணியாளர்களுக்கே பேச்சுப் பயிற்சியின் அடிப்படையைக் கற்றுக்கொடுத்து, அவர்களை வைத்துக் கிராமத்திலேயே பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கம் பிளஸ் டூ முடித்த, பொறுமையுள்ள ஒரு பெண்ணை அனுப்புங்கள், நான் பழக்கித் தருகிறேன். பையனாக இருந்தாலும் சரிதான், பொறுமை இருக்க வேண்டும்.

இது எல்லாம் மெல்ல நடக்கட்டும். இன்றைக்கு வேளைக்கு 55 மில்லி. அக்கா பால் எடுக்கிற நேரத்தில் குழந்தையை நிமிர்த்தி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும். அத்தான் கரைக்கு வரும் வரை அது நீங்கள்தான். அடுத்த கடிதத்தில் நான்கு வாரத்து எடையை மட்டும் எழுதி அனுப்புங்கள்.